தையல் வழியே மழை

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். மல்வேர்னில் உள்ள தங்கள் வீட்டின் பேஸ்மென்ற்றில், தோய்த்த போர்வைகளை ட்ரையருக்குள் போடக் குனிந்த ராகுலன், உருளையின் உட்புறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான். விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில், கண்ணாடி போன்ற ஒரு பட்டி. நகத்தால் சுரண்டி எடுத்தான். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் காய்ந்த பசை. பஞ்சு சேரும் வடிகட்டியை இழுத்துப் பார்த்தான். அதற்குள்ளும் இரண்டு துண்டுகள் சுருண்டு கிடந்தன.

முதல்நாள் பின்னேரம் அந்த ட்ரையரில் அவன் உலர்த்தியது ஒன்றே ஒன்றுதான். மனைவி லக்சிகாவின் மோட்டார் சைக்கிள் உடுப்பு. கறுப்பு ஜக்கெற்றும் அதனோடு சேர்ந்த காற்சட்டையும்.

லக்சிகா அதைப் போட்டுக்கொண்டு எட்டரைக்கே புறப்பட்டுவிட்டாள். கிழக்கே மூன்று மணித்தியால ஓட்டத் தூரத்தில், கிங்ஸ்ரனில் அவளுடைய சிநேகிதி ஜூலிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு, இரவு தங்கி, ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. ஒக்ரோபர் கடைசி. அதற்குப் பிறகு பனி வந்துவிடும், மோட்டார் சைக்கிளை மூடிவைக்க வேண்டும் என்பதால், இந்த வருசத்துக்கு இதுதான் கடைசி ஓட்டம் என்று சொல்லியிருந்தாள். தனியாக இவ்வளவு தூரம் போவது அவளுக்கு முதல்தரம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் இருவருக்கும் பெரிய சண்டை நடந்தது. ஹைவேயில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் லொறியில் அடிபட்டுச் செத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "இனிக் காணும். உதை வித்துப்போடும்" என்றான் ராகுலன். விட்பியில் உள்ள ஆய்வுகூடத்துக்கு நான்கு கோடையாக அதில்தான் வேலைக்குப் போய்வருகிறாள், ஒரு கீறல்கூட இல்லை, எதற்கு விற்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அவன் குரலை உயர்த்தினான். அதன்பிறகு மூன்று நாள் கதை பேச்சு இல்லை. பிறகும் "சாப்பிட்டாச்சோ", "கதவைப் பூட்டினனீங்களோ" என்ற அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. உடுப்பைத் தோய்த்ததே ஒரு சமாதானத்துக்காகத்தான். கோடை முழுக்க வேர்த்து, புகையும் தூசியும் படிந்து மணத்துப்போயிருந்தது அது. இருவரின் உடுப்புக்கும் ஊற்றுகிற சோப்பை ஊற்றினான். வாசமாக இருக்கட்டும் என்று லவண்டர் சொஃப்ற்னரையும் மூடியால் இரண்டுதரம் அளந்து ஊற்றினான். காலையில் ஈரமாக இருக்கக்கூடாது என்று ட்ரையரைக் கடுஞ்சூட்டில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டான்.

காலையில் ஜக்கெற்றை எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள்.

"தோய்ச்சனீங்களோ?"

"ஓம், நேற்று."

"ஷெல்ஃபில கிடக்கிற சின்ன நீலப் போத்தலாலதானே?"

"ஓம்" என்றான் அவன்.

நீலப் போத்தல் ஒன்று அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். அதைத் தொடவில்லை என்பதும் தெரியும். ஆனால் பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. இல்லை என்று சொன்னால் அது போய்விடும். சோப்பில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தான். "தாங்க்ஸ் ராகுல்" என்று சொன்னவள், முதுகுப்பைக்குள் இருந்த பிளாஸ்ரிக் மழையுடுப்பை இழுத்து வெளியே போட்டாள். "அப்ப உது தேவையில்லை. மழை வந்தாலும் ஜக்கெற் தாங்கும். பையும் பாரமாக் கிடக்கு."

அந்த மழையுடுப்பு இப்போதும் கதவடியில் செருப்புகளுக்கு மேலே கிடந்தது. பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ராகுலன் மேலே ஓடி யன்னலைப் பார்த்தான். வானம் சாம்பல் நிறமாக இருந்தது. இன்னும் மழை இல்லை. பின்னேரம்தான் மழை என்று முதல்நாள் சொல்லியிருந்தார்கள். ரெலிபோனில் பார்த்தபோது அது மாறியிருந்தது. ஒஷாவாவுக்குக் கிழக்கே ஒன்பது மணியிலிருந்து மழை. நான்கு டிகிரி. காற்று.

அவளுக்கு ரெலிபோன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. ஓடும்போது அவள் எடுக்கமாட்டாள். மறுபடியும் அடித்தான். பிறகு செரீனாவுக்கு அடித்தான். லக்சிகாவோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் ஓடுகிறவள் அவள். கோடையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து வீட்டில் இருந்தாள். பட்டியைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கேட்டான்.

"செரீனா, உது என்ன?"

"எங்க எடுத்தனீங்கள் அண்ணை?"

"ட்ரையருக்குள்ள. லக்சியின்ர உடுப்பைக் காயவைச்சனான்."

"அண்ணை, உது தையலுக்கு உள்பக்கமா ஒட்டியிருக்கிற ரேப். ஊசி போன ஓட்டையளை அதுதான் மூடிக்கொண்டு இருக்கிறது. சூட்டில பசை இளகிக் கழண்டிருக்கு. எதால தோய்ச்சனீங்கள்?"

"வீட்டுச் சோப்புதான். பிறகு சொஃப்ற்னர் விட்டனான்."

"ஐயோ அண்ணை! சொஃப்ற்னர் விட்டா வெளித்துணி தண்ணியைத் தள்ளாது, பஞ்சு மாதிரிக் குடிக்கும். அதுக்கெண்டு ஒரு சோப் இருக்கு, லக்சி வாங்கி வைச்சிருக்கிறாள். அவள் உங்களிட்டைக் கேக்கேல்லையே?"

"கேட்டவ."

"அப்ப?"

"நான் அதாலதான் தோய்ச்சனெண்டு சொல்லிப்போட்டன்."

செரீனா அவனைத் திட்டவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. அவளுடைய குரல் மாறி, கட்டளை போடுகிற குரலாகிவிட்டது. "இப்ப காரை எடுங்கோ. காய்ஞ்ச போர்வை, உங்கட சுவெற்றர், காலுக்கு மேசு, ஃபிளாஸ்கில சுடச்சுடத் தேத்தண்ணி. சீனி கூடப் போடுங்கோ. நனைஞ்சுகொண்டு அந்தக் காத்தில ஓடினா உடம்புச் சூடு மளமளவெண்டு இறங்கும். கை விறைச்சா பிரேக் பிடிக்க ஏலாது. அதைவிட, மூளை மந்தமாப் போடும். நிப்பாட்ட வேணுமெண்டே யோசனை வராது. அவளின்ர லொகேஷன் உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். சண்டைக்கு முன்னரே அவனுடைய நச்சரிப்புக்காக அவள் அதைப் பகிர்ந்திருந்தாள். திறந்து பார்த்தான். போர்ட் ஹோப்பைத் தாண்டி, பழைய நெடுஞ்சாலையில் அவளைக் காட்டும் நீலப் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய ஹைவேயில் லொறிகளுக்கு நடுவே போகமாட்டேன், ஏரிக்கரைப் பக்கத்துச் சின்ன ரோட்டால்தான் போவேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதைக் காப்பாற்றிக்கொண்டுதான் போகிறாள்.

பத்து மணிக்கு ராகுலன் ஹைவேயில் ஏறிவிட்டான். ரெலிபோனை முன்னால் பொருத்தி, புள்ளி தெரியும்படி வைத்திருந்தான். பிக்கரிங் தாண்டியதும் தூறல் தொடங்கியது. விட்பியில் அது மழையாகியது. ஒஷாவாவுக்கு அப்பால் வைப்பரை முழு வேகத்தில் விட்டும் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குகள் மங்கலாகத்தான் தெரிந்தன. மழை சரிவாக, ஏரிப் பக்கமிருந்து அடித்தது. காருக்குள் சூடு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பத்து இருபதுக்குப் புள்ளி நின்றது.

கோபேர்க்கைத் தாண்டி, கிராஃப்ரனுக்கும் கோல்போர்னுக்கும் இடையில். ஊர் இல்லை, கடை இல்லை. வெறும் ரோட்டு. தேத்தண்ணி குடிக்க நிற்கிறாள் என்று நினைக்க முயன்றான். படத்தை விரல்களால் பெருப்பித்துப் பார்த்தான். இரு பக்கமும் வயல்தான். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அவனுடைய கார் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

அடித்தான். மணி போகவில்லை. நேரே குரல்பதிவுக்குப் போனது. புள்ளி சாம்பல் நிறமாக மாறி, "கடைசியாகக் கண்டது ஐந்து நிமிடத்துக்கு முன்" என்றது.

அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு பெற்றோல் ஸ்ரேஷன் ஓரமாக நிறுத்தி, செரீனாவுக்கு அடித்தான்.

"நிண்டிட்டுது செரீனா. ஃபோனும் செத்துப்போச்சு. நைன் வன் வன்னுக்கு அடிக்கட்டோ? சும்மா நிக்கிறாளோ தெரியேல்லை. அடிச்சுப்போட்டு ஒண்டுமில்லையெண்டா?"

"ஒண்டுமில்லையெண்டா நல்லதுதானே அண்ணை! அடியுங்கோ!"

அடித்தான். மறுமுனையில் பேசிய அவசரசேவைப் பெண் நிதானமாகக் கேட்டாள். விபத்தா? தெரியாது. காயமா? தெரியாது. பிறகு என்ன என்று நினைக்கிறீர்கள்? என்னுடைய மனைவி நனைந்துபோயிருப்பாள், விறைத்துப்போயிருப்பாள், அவளுடைய உடுப்பு மழையைத் தாங்காது, அது அவளுக்குத் தெரியாது என்று அவன் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னான். உடுப்பு தாங்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. இடத்தை மட்டும் இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அம்புலன்ஸ் வரும், மழையில் கொஞ்சம் சுணங்கும் என்றாள்.

மறுபடியும் ஹைவே. அந்தப் பெண் கேட்காத கேள்வியை அவன் தானே கேட்டுக்கொண்டான். அந்த நீலப் போத்தலை எத்தனை தரம் கண்டிருப்பான்? ஒவ்வொரு கிழமையும். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் படம் இருந்ததே. வாசித்திருக்கலாமே. ஏன் வாசிக்கவில்லை? அந்தச் சாமான்கள் எதையும் தொடவோ பார்க்கவோ அவனுக்கு விருப்பமில்லை, அதனாலா? மோட்டார் சைக்கிள் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தானே அவன்? அவளுக்கு ஏதும் நடந்துவிட்டால், இவன் வேண்டுமென்றே செய்தான் என்று அவளுடைய தாய் சொல்லலாம், ஊர் சொல்லலாம். அவர்களுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. "கடவுளே, கடவுளே" என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

கிராஃப்ரனில் இறங்கிப் பழைய ரோட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றுக்குப் பத்து. மெதுவாக, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனான். வளைவு ஒன்று தாண்டியதும் அப்பிளும் பூசணியும் விற்கிற ஒரு ரோட்டோரக் கொட்டில் தெரிந்தது. காலம் முடிந்து பலகை அடித்து மூடியிருந்தது. அதற்கு முன்னால், கற்கள் பரப்பிய நிலத்தில், லக்சிகாவின் மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்து கிடந்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கார்க்கதவைச் சாத்தாமலே ஓடினான்.

கொட்டிலின் தாழ்வாரத்தில், பலகைச் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடித்து அவள் இருந்தாள். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. ரெலிபோன் மடியில் கிடந்தது. திரை முழுக்கத் தண்ணீர்.

"லக்சி! லக்சி, என்னைப் பாரும்!"

அவள் தலையை மெல்லத் திருப்பினாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் ஹெல்மெற்றுக்குள் இருந்து கேட்டது.

"ஜூலி... கதவு... திறக்கேல்லை" என்றாள். நாக்குத் தடித்தவள் பேசுவதுபோல் இருந்தது.

"இது ஜூலி வீடு இல்லையம்மா. எழும்பும். காருக்கை போவம்."

"கொஞ்சம்... நித்திரை கொள்ளுறன்."

அவன் அவளை நித்திரை கொள்ள விடவில்லை. ஹெல்மெற்றின் பட்டியை அவிழ்த்துக் கழற்றினான். உதடு நீலமாக இருந்தது. தூக்கி நிறுத்தியபோது ஜக்கெற்றின் கையிலிருந்து தண்ணீர் கோடாக ஊற்றியது. ஒரு சாக்கு நெல்லைத் தூக்குவதுபோல் பாரம். அணைத்து இழுத்துக்கொண்டுபோய்க் காரின் பின்சீற்றில் ஏற்றினான். சூட்டை முழுக்கத் திறந்தான். முதலில் ஜக்கெற், பிறகு உள்ளே நனைந்து தோலோடு ஒட்டியிருந்த ரீசேர்ட், காற்சட்டை, மேசு எல்லாவற்றையும் உரித்தான். துவட்டினான். தன் சுவெற்றரை மாட்டி, போர்வையால் சுற்றி, அவளைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஒரு மீனைப் பிடித்திருப்பதுபோல் குளிர்ந்தது அவளுடைய முதுகு.

கழற்றிப்போட்ட ஜக்கெற் காலடியில் கிடந்தது. சூடு பரவப் பரவ அதிலிருந்து லவண்டர் வாசம் எழுந்து காரை நிறைத்தது.

"கதையும் லக்சி. பிள்ளைக்கு என்ன பேராம்? ஜூலியின்ர பிள்ளைக்கு?"

"பேர்..." அவள் யோசித்தாள். நீண்ட நேரம் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த பெயர்தான். வரவில்லை.

அம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. அந்த ஏழு நிமிடமும் அவன் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய உடம்பு வெப்பம் முப்பத்துநான்கு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சூடான காற்று ஓடும் ஒரு கடதாசிப் போர்வையை அவளுக்கு மேலே விரித்தார்கள். விழுந்ததில் முழங்காலில் ஒரு கண்டல் தவிர வேறு காயம் இல்லை. நிறுத்தும்போது கால் ஊன்ற முடியாமல்தான் சைக்கிள் சரிந்திருக்கிறது. இன்னும் ஒரு மணித்தியாலம் அந்தக் கொட்டிலில் இருந்திருந்தால் கதை வேறு என்று டொக்ரர் சொல்லிவிட்டுப் போனார். ராகுலன் கதிரையில் இருந்து அவளுடைய விரல்நகங்களின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணியளவில் அவை வெளிறிய சிவப்புக்கு வந்தன. அவள் கண்ணைத் திறந்து, தெளிவாக, "பைக் எங்க?" என்று கேட்டாள்.

"அந்தக் கொட்டிலின்ர சொந்தக்காரர் தன்ர கராஜுக்குள்ள வைச்சிருக்கிறாராம். பொலிஸ் சொன்னது."

"ஜக்கெற் ஊறிப்போச்சு ராகுல். அரை மணித்தியாலத்தில தோள்மூட்டால உள்ளுக்கு வந்திட்டுது. அடுத்த ஊரில நிப்பாட்டுவம், அடுத்த ஊரில நிப்பாட்டுவம் எண்டு நினைச்சன். பிறகு எந்த ஊரெண்டே தெரியேல்லை. ஃபோனில விரல் வைச்சா அது கேக்குதில்லை. ஒருநாளும் இப்பிடி ஊறினதில்லை."

இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

"நான் நீலப் போத்தலால தோய்க்கேல்லை. வீட்டுச் சோப்பாலயும் சொஃப்ற்னராலயும் தோய்ச்சுப்போட்டு, கடுஞ்சூட்டில காயவைச்சனான். தையல் ரேப் எல்லாம் கழண்டு ட்ரையருக்குள்ள கிடக்கு."

அவள் அவனையே பார்த்தாள்.

"நான் கேட்டனான்."

"ஓம்."

"கேட்டதுக்கு ஓமெண்டு சொன்னீங்கள்."

"நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர். அது போயிடுமெண்டு..."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பினாள். தாதி வந்து வெப்பத்தை அளந்து எழுதிவிட்டுப் போனாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே லக்சிகா கேட்டாள்.

"ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லவேணும். வேணுமெண்டு செய்தனீங்களோ?"

"இல்லை." சொன்ன பிறகு, அது மட்டும் போதாது என்று அவனுக்குப் பட்டது. "ஆனா, அந்தப் போத்தலை நான் வாசிச்சுப் பாத்திருக்கலாம். பைக்கின்ர சாமானெண்டு எனக்கு ஒரு வெறுப்பு. அதுதான் பாக்கேல்லை. வாற வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். காரில் விட்பி வெளிச்சங்கள் தெரிந்தபோதுதான் லக்சிகா பேசினாள்.

"நீங்கள் தோய்ச்சது பிழையெண்டு நான் கோவிக்கேல்லை. தெரியாட்டித் தெரியாது. நான் அந்த ஓமை நம்பித்தான் மழையுடுப்பை வீட்டில விட்டிட்டுப் போனனான். இனிமேல் எனக்குப் பிடிக்காத பதிலெண்டாலும் சொல்லிப்போடுங்கோ. கத்துவன். கத்திப்போட்டு விட்டிடுவன்."

"சரி."

"பைக்கை விக்கிறதைப் பற்றி இந்த வருசம் கதைக்கக்கூடாது."

அந்தக் கொட்டிலும் எரிந்துகொண்டிருந்த விளக்கும் அவன் கண்ணுக்குள் வந்தன.

"எனக்குப் பயம்தான் லக்சி. அதை மாத்த ஏலாது. விக்கச் சொல்லமாட்டன்."

நவம்பரும் டிசம்பரும் அந்த ஜக்கெற் பேஸ்மென்ற்றில் ஒரு ஆணியில் தொங்கியது. ராகுலன் உடுப்புத் தோய்க்கப் போகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எறிந்துவிடுவாள் என்று நினைத்தான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தபோது, அவள் அதைக் கொண்டுவந்து வரவேற்பறை நிலத்தில் விரித்தாள். துணி நன்றாக இருக்கிறது, தையலை மட்டும் திரும்ப அடைத்தால் போதும் என்று செரீனா சொல்லியிருந்தாள்.

நீலப் போத்தலின் பின்பக்கத்தை ராகுலன் சத்தமாக வாசித்தான். அவள் செய்தாள். வோஷரின் சோப்புத் தட்டைக் கழற்றி, பழைய சோப்பு வழுவழுப்புப் போகக் கழுவினாள். சொஃப்ற்னர் வாசம் போகும்வரை ஜக்கெற்றை மூன்றுதரம் தோய்த்தாள். பிறகு இருவரும் நிலத்தில் இருந்து, உள்பக்கத்தைப் புரட்டி, பாதி கழன்று நின்ற ரேப்பையெல்லாம் உரித்தெடுத்தார்கள். தையல் சுருங்காமல் அவன் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க, அவள் சின்னத் தூரிகையால் பசையைப் பூசிக்கொண்டு வந்தாள். தோள்மூட்டு, கமக்கட்டு, முழங்கை, கழுத்து. "இழுக்காதேங்கோ, பிடியுங்கோ" என்று இரண்டுதரம் அதட்டினாள். பசை காய இரண்டு நாள். பிறகு வெளியே தண்ணீர் தள்ளும் மருந்தை அடித்து, மெல்லிய சூட்டில் உலர்த்தினாள். கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அது மணியாக உருண்டு ஓடியது.

"இது காணாது. போட்டுப் பாக்கவேணும்" என்றான் ராகுலன்.

"மே மாசம் மழை பெய்யும்தானே."

"மே மாசம் வேண்டாம். இப்ப."

குளியலறையில், ஜக்கெற்றை அவன்தான் போட்டுக்கொண்டான். அவளுடைய அளவு என்பதால் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. சிப் கழுத்துவரை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வயிற்றை உள்ளிழுத்து இழுத்துப் பூட்டினான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஷவரைத் திறந்தாள்.

"சுடுதண்ணி விடட்டோ?"

"வேண்டாம். பச்சைத்தண்ணி."

தண்ணீர் தோளில் அடித்தது. பத்து நிமிடம் நின்றான். காதோரத்தால் ஓடிய தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது. தோள்மூட்டு காய்ந்திருந்தது. கழுத்து காய்ந்திருந்தது. ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, பதினைந்தாவது நிமிடத்தில் இடது முழங்கைக்கு உள்ளே ஊசிமுனை அளவில் ஒரு குளிர் தெரிந்தது.

"லக்சி, இஞ்சை ஏதோ ஊறுது."

"வேர்வையா இருக்கும். இவ்வளவு இறுக்கமாப் போட்டுக்கொண்டு நிக்கிறீங்கள்."

"இல்லை. வேர்வையெண்டா சுடும். இது குளிருது. நல்லாப் பாரும்."

அவள் ஷவரை நிறுத்திவிட்டு, ஜக்கெற்றின் கைக்குள் தன் கையை விட்டு, மெல்ல மெல்ல மேலே தடவிக்கொண்டு போனாள். முழங்கையடியில் விரல்கள் நின்றன. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நுனி நனைந்திருந்தது.

"ஓம்" என்றாள். "ஊறுது. அசையாமல் நில்லுங்கோ, அடையாளம் போடச் சோக் எடுத்துக்கொண்டு வாறன்."